மனநல அவசரப் பிரிவில் தொற்றுநோய் ஸ்க்ரீனிங்: முதல் மணி நேரத்திலிருந்து ரிசல்ட் கையில் சேரும்வரை

இரவு இரண்டு மணிக்கு ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். மூன்று நாளாகத் தூங்கவில்லை, யாரோ துரத்துகிறார்கள் என்கிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. பேசிப் பேசி உட்காரவைத்து, எப்படியோ ஒத்துக்கொள்ளவைத்து ரத்தம் எடுக்கிறோம். சர்க்கரை, உப்புச் சத்துகள், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாம் லேபுக்குப் போகிறது. இரண்டு மூன்று நாளில் அவர் தெளிந்து வீட்டுக்கோ தெருவுக்கோ திரும்பிவிடுகிறார். அவர் சம்மதத்தோடு இன்னும் ஒரு ட்யூப் எடுத்திருந்தால், பல வருடமாகச் சத்தமில்லாமல் கல்லீரலில் உட்கார்ந்திருக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் அன்றைக்கே தெரிந்திருக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வார மாத்திரையில் தீர்ந்தும் இருக்கும். நாம் எடுக்கவில்லை, ஏனென்றால் அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லை.

இந்த வழிகாட்டி அந்த ட்யூபைப் பற்றியது. பணியில் இருக்கும் டாக்டர்கள், நர்ஸ்கள், தங்கள் பிரிவில் ஒரு முறையை உருவாக்கப் பார்ப்பவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன். அங்கங்கே என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

ஏன் இங்கே, ஏன் இவர்களுக்கு? கடுமையான மனநோய் உள்ளவர்களிடம் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றும் பொது மக்களிடம் இருப்பதைவிட அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. காரணம் மனநோய் அல்ல, அதைச் சுற்றி இருக்கும் வாழ்க்கை. வீடில்லாமை, சிறைவாசம், ஊசி மூலம் போதை மருந்து, பாலியல் வன்முறைக்கு ஆளாவது, மேனியா (மிதமிஞ்சிய உற்சாக நிலை) நேரத்தில் பாதுகாப்பில்லாத உறவு, இவற்றோடு வேறு எந்த டாக்டரிடமும் போகாமலே இருப்பது. இவர்களில் பலருக்கு மருத்துவத்துக்குள் வருவதற்கு இருக்கும் ஒரே கதவு இந்த அவசரப் பிரிவுதான். உள்ளே வந்த பிறகும் "வயிறு வலிக்கிறது" என்று சொன்னால் அதையும் மனநோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

தொடங்கும் முன்: ஒன்றல்ல, மூன்று கேள்விகள்

'தொற்று ஸ்க்ரீனிங்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல்.

முதல் கேள்வி: இந்த மனநிலை மாற்றத்துக்கே ஒரு தொற்றுதான் காரணமா? இது உயிர் சம்பந்தப்பட்டது, முதல் மணி நேரத்தில் பதில் வேண்டும். இரண்டாவது: இவரிடமிருந்து வார்டில் மற்றவர்களுக்குப் பரவக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இதற்கு உள்ளே அனுப்பும் முன் பதில் வேண்டும். மூன்றாவது: இவருக்குள் யாரும் இதுவரை தேடாத ஒரு தொற்று அமைதியாக இருக்கிறதா? இதற்கு அவசரமே இல்லை. அவர் தெளியும்வரை காத்திருக்கலாம், காத்திருக்கத்தான் வேண்டும். அசல் ஸ்க்ரீனிங் என்பது இந்த மூன்றாவதுதான்.

ஒப்புதல் விதியும் இந்த மூன்றுக்கும் வேறு வேறு. மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் உயிரைக் காப்பாற்றச் செய்யும் பரிசோதனைக்கு இருக்கும் அவசர நியாயத்தை, வழக்கமான எச்.ஐ.வி. ஸ்க்ரீனிங்குக்கு இழுத்துக்கொண்டு வரக்கூடாது.

படி 1: இது மனநோய்தானா என்று பாருங்கள்

வெப்பநிலை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், சர்க்கரை. ஆறும் எழுதப்படாமல் யாரையும் 'மருத்துவ ரீதியாகச் சரி' என்று அனுப்பாதீர்கள். "ஒத்துழைக்கவில்லை, அதனால் எடுக்கவில்லை" என்று எழுதியிருந்தால், அரை மணி கழித்து மறுபடி முயற்சி செய்தீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி. தொட விடாதவரிடமும் மூச்சை எண்ணலாம், வியர்வையைப் பார்க்கலாம், நடையைப் பார்க்கலாம், கழுத்தைத் திருப்புகிறாரா என்று கவனிக்கலாம்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாகச் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) வந்தால். சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ திடீரென்று தொடங்கியிருந்தால். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கினால். இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது காதில் குரல் கேட்பதைவிட முன்னால் நின்றால். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்பதில் தடுமாறினால். வலிப்பு, கடும் தலைவலி, புதிதாகக் கை கால் பலவீனம் இருந்தால். இவை எல்லாம் டெலிரியம் (உடல் நோயால் வரும் திடீர் மனக்குழப்பம்) அல்லது மூளையின் நேரடி பாதிப்பின் பக்கம் கை காட்டுகின்றன. ஒரே நோயாளியிடம் பழைய ஸ்கிசோஃப்ரினியாவும் புதிய டெலிரியமும் சேர்ந்தே இருக்கலாம், 'தெரிந்த கேஸ்' என்ற முத்திரை ஆபத்தாவது அங்கேதான்.

நான் எப்போதும் முதலில் நினைத்துக்கொள்வது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் மூளைக்காய்ச்சலை. அது மூளையின் டெம்போரல் பகுதியைத் தாக்குவதால் காய்ச்சலுக்குப் பக்கத்திலேயே விசித்திர நடத்தை, பேச்சுக் குழறல், ஆளுமை மாற்றம் எல்லாம் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இறந்துவிடுகிறார்கள். அதனால் சந்தேகம் வந்தாலே எம்.ஆர்.ஐ.க்கும் முதுகுத் தண்டு நீர் ரிசல்ட்டுக்கும் காத்திருக்காமல் அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல் சந்தேகத்தில் ஆன்டிபயாட்டிக்குக்கும் இதே விதி. எச்.ஐ.வி. முற்றிய நிலையில் இருப்பவருக்குப் புதிய சைக்கோசிஸ் என்றால் கிரிப்டோகாக்கஸ், டாக்ஸோபிளாஸ்மா, காசநோய் மூளையுறைக் காய்ச்சல் மூன்றையும் பட்டியலில் வையுங்கள். மலேரியா உள்ள இடத்திலிருந்து வந்தவருக்குக் காய்ச்சலும் குழப்பமும் இருந்தால் மலேரியா பரிசோதனை அன்றைக்கே நடக்க வேண்டும்.

காய்ச்சல் எல்லாம் தொற்றும் அல்ல. ஆன்டிசைக்காட்டிக் (சைக்கோசிஸுக்கான மருந்து) எடுப்பவருக்கு உடல் விறைப்பு, காய்ச்சல், ரத்த அழுத்தத்தில் ஏற்ற இறக்கம், சி.கே. (தசை சிதைவைக் காட்டும் ரத்த அளவு) உயர்வு சேர்ந்து வந்தால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம், அந்த மருந்தின் ஆபத்தான பக்கவிளைவு. அதிலும் வெள்ளை அணுக்கள் ஏறும் என்பதால் ஏமாந்துபோவது சுலபம். லித்தியம் எடுப்பவருக்கு எந்தத் தொற்றும் இல்லாமலே வெள்ளை அணு எண்ணிக்கை சற்று அதிகமாக இருக்கும். க்ளோசபின் என்ற ஆன்டிசைக்காட்டிக் தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் சாதாரண காய்ச்சலாகவும் இருக்கலாம், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு குறைந்து வந்த தொற்றாகவும் இருக்கலாம், இதயத் தசை அழற்சியாகவும் இருக்கலாம். ரத்த அணு எண்ணிக்கை, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டுவது), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது) மூன்றும் பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பாதீர்கள்.

வயதானவர் குழப்பத்தோடு வந்தால் உடனே சிறுநீர் பரிசோதித்து, பாக்டீரியா இருக்கிறது, அதுதான் காரணம் என்று முடித்துவிடுகிறோம். வயதானவர்களில் பலருக்குச் சிறுநீரில் பாக்டீரியா எந்தத் தொந்தரவும் இல்லாமல் எப்போதுமே இருக்கும். எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி எதுவும் இல்லையென்றால் வேறு காரணத்தைத் தேடுவதை நிறுத்தாதீர்கள். மலச்சிக்கல், புதிய மாத்திரை, நிமோனியா, விழுந்ததில் தலைக்குள் ரத்தக் கசிவு, இப்படி எதுவாகவும் இருக்கலாம்.

படி 2: வார்டுக்குள் அனுப்பும் முன்

மனநல வார்டு என்பது மூடிய இடம். ஒரே ஹாலில் சாப்பாடு, டி.வி., குழுக் கூட்டம். தற்கொலைத் தடுப்புக்காக ஜன்னல்கள் திறக்காது, சானிடைசர் பாட்டில் சுவரில் இருக்காது, அறைக்குள் தனியாக இருக்கச் சொன்னால் சிலர் இருக்க மாட்டார்கள். அதனால் ஒரு இன்ஃப்ளூயன்ஸாவோ கோவிடோ நோரோ வைரஸோ உள்ளே போனால் பொது வார்டைவிட வேகமாகச் சுற்றும். 2020-ல் இதை எல்லோரும் நேரில் பார்த்துவிட்டோம்.

ஆகவே கதவில் நாலு விஷயம் கேளுங்கள், பாருங்கள்: இருமல் அல்லது காய்ச்சல், வயிற்றுப்போக்கு அல்லது வாந்தி, தோலில் தடிப்பு, அரிப்பு. அரிப்பு என்றால் விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள், இரவில் அதிகமாகிறதா என்று கேளுங்கள். சொறி சிரங்கு முதல் தடவை வரும்போது அரிப்பு தொடங்கவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். ஆகையால் வார்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவரோடு நெருக்கமாக இருந்தவர்களுக்கும் ஒரே நாளில் சிகிச்சை கொடுக்க வேண்டும். "பூச்சி ஊர்கிறது" என்று சொல்பவரை மாயத் தோற்றம் என்று எழுதும் முன் சட்டையைத் தூக்கிப் பாருங்கள்.

காசநோய்க்குத் தனிக் கவனம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, இரவு வியர்வை, சளியில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் மாஸ்க் கொடுத்து, காற்றோட்டமுள்ள தனி அறையில் வைத்து, மார்பு எக்ஸ்ரேயும் சளி மாதிரியும் எடுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர் என்றால் இரண்டு வாரக் கணக்கே கிடையாது, இப்போது இருமல் இருந்தாலே போதும். எக்ஸ்பெர்ட் போன்ற மரபணுப் பரிசோதனை, சளி இயந்திரத்துக்குள் போன பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடும். சாப்பிடாததால் எடை குறைந்தது, சிகரெட்டால் இருமல் என்று இரண்டையும் மனநோய்க் கணக்கில் தள்ளுவது வெகு சாதாரணமாக நடக்கிறது.

மறைந்திருக்கும் காசநோய்க்கான தோல் பரிசோதனையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருவர் மறுபடி பார்த்துப் படிக்க வேண்டும், அதற்குள் ஆள் போயிருப்பார். ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை ஒரே குத்தில் முடியும். ஆனால் இரண்டுமே நோய் இப்போது தீவிரமாக இருக்கிறதா, வெறுமனே மறைந்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது.

படி 3: கேட்பதற்கான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்டவர் என்பதற்காக அவர் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை. கட்டாயச் சேர்க்கை அவரைப் பாதுகாப்பாக வைத்திருக்கவும் மனநோய்க்குச் சிகிச்சை தரவும் வந்தது, எச்.ஐ.வி. பார்ப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. முடிவெடுக்கும் திறன் என்பது ஒவ்வொரு முடிவுக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது. அண்டை வீட்டுக்காரர் தன் மூளையில் சிப் வைத்துவிட்டார் என்று நம்புகிறவருக்கும், "ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறோம், இருந்தால் மாத்திரை உண்டு, வேண்டாம் என்றாலும் பரவாயில்லை" என்பது முழுதாகப் புரியலாம். புரிகிறதா, நினைவில் நிற்கிறதா, நன்மை தீமையை எடை போடுகிறாரா, தன் முடிவைச் சொல்ல முடிகிறதா என்ற நாலையும் பாருங்கள். நாலும் இருந்தால் அவர் சொல்வதுதான் முடிவு, 'இல்லை' என்று சொன்னாலும்.

வந்த உடனே கேட்பது பெரும்பாலும் வீண். முதல் தூக்கம் தூங்கி, ஏதாவது சாப்பிட்டு, ஒரு நர்ஸின் முகம் பழகிய பிறகு கேளுங்கள். முதல் நாள் கோபமாக மறுத்தவர் மறுநாள் காலை "சரி, எடுத்துக்கோங்க" என்பது அடிக்கடி நடக்கும். மறுத்ததைப் பதிவு செய்யும்போது 'மறுத்தார்' என்று மட்டும் எழுதாமல், 'மறுத்தார், நாளை மறுபடி கேட்க வேண்டும்' என்று எழுதுங்கள். அந்த நாலு வார்த்தைக்கு எவ்வளவு பலன் என்று போகப் போகத் தெரியும்.

எப்படிக் கேட்பது? ஆளைப் பார்த்து ஆபத்தை எடைபோட்டு, "உங்களுக்கு எத்தனை பேரோடு உறவு?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பதும், வேண்டாம் என்பவர் சொல்லிவிடலாம் என்று வைப்பதும் நல்லது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2006-லேயே 13 முதல் 64 வயதுவரை உள்ள எல்லோருக்கும் இந்த முறையில் எச்.ஐ.வி. ஸ்க்ரீனிங் பரிந்துரைத்தது. 2020-ல் எல்லா வயதுவந்தோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஹெபடைட்டிஸ் சி, 2023-ல் அதேபோல ஹெபடைட்டிஸ் பி என்று சேர்த்தது. நான் பயன்படுத்தும் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேட்கிறோம், உங்ககிட்ட மட்டும் இல்ல. ரத்தத்துல எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி ரெண்டு வகை, சிபிலிஸ், இது நாலும் இருக்கான்னு பார்க்கலாம். நாலுக்கும் இப்ப மருந்து இருக்கு. எப்படியும் ரத்தம் எடுக்கப் போறோம், கூட ஒரு ட்யூப். வேண்டாம்னா சொல்லுங்க, அதனால உங்க சிகிச்சையோ நீங்க வீட்டுக்குப் போறதோ எதுவும் மாறாது."

கடைசி வரி முக்கியம். அடைத்து வைக்கப்பட்டிருப்பவர் மனசில் ஓடுவது ஒன்றே ஒன்றுதான்: ஒத்துக்கொண்டால் சீக்கிரம் விடுவார்களா, மறுத்தால் அதிக நாள் வைப்பார்களா? அந்தப் பயத்தை எடுக்காமல் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. கூட வந்த குடும்பத்தார் எதிரில் கேட்காதீர்கள். ரத்தத்தைத் திருடுகிறார்கள் என்ற பயம் உள்ளவருக்கு ட்யூபில் அவர் பெயர் எழுதுவதைக் காட்டுங்கள், எத்தனை மில்லி என்று சொல்லுங்கள்.

ஒரு சங்கடமான விஷயம். ஊழியருக்கு ஊசி குத்திவிட்டால் அவசரத்தில் நோயாளியின் ரத்தத்தைச் சத்தமில்லாமல் பரிசோதிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். நோயாளியிடம் கேளுங்கள், பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால் சட்டம் அனுமதிக்கும் வழி என்ன என்பதை முன்கூட்டியே தெரிந்து எழுதி வைத்திருங்கள். எப்படியானாலும் ஊழியருக்கான எச்.ஐ.வி. தடுப்பு மருந்து அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும்.

படி 4: எதையெல்லாம் பார்ப்பது

எச்.ஐ.வி.: ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை. ரத்த நாளத்தில் எடுத்த ரத்தத்தில் லேபில் செய்தால் தொற்று நடந்து 18 முதல் 45 நாளில் பிடிக்கும். விரல் நுனி ரத்தத்தில் செய்யும் துரிதப் பரிசோதனைக்கு 90 நாள்வரை ஆகலாம். போன வாரம் நடந்ததைப் பற்றிப் பயப்படுகிறவருக்கு இன்றைய 'நெகட்டிவ்' பதில் ஆகாது. அது 72 மணி நேரத்துக்குள் நடந்திருந்தால் பேச வேண்டியது தடுப்பு மருந்தைப் பற்றி.

ஹெபடைட்டிஸ் சி: முதலில் ஆன்டிபாடி, அது பாசிட்டிவ் என்றால் அதே மாதிரியில் லேபே ஆர்.என்.ஏ. (கிருமி இப்போது இருக்கிறதா என்பதைக் காட்டுவது) பார்த்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை லேபோடு முதலிலேயே பேசி முடியுங்கள். "ஆன்டிபாடி பாசிட்டிவ், மறுபடி வந்து ஆர்.என்.ஏ. கொடுங்கள்" என்று சொன்னால் இந்த நோயாளிகளில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொற்று வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிருமி தானாகவே போய்விடும், சிகிச்சையில் குணமானவர்களுக்கும் ஆன்டிபாடி வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆகவே ஆன்டிபாடியை வைத்து யாரையும் நோயாளி ஆக்கக் கூடாது.

ஹெபடைட்டிஸ் பி: மூன்று சோதனை சேர்த்து. மேற்பரப்பு ஆன்டிஜென், அதற்கு எதிரான ஆன்டிபாடி, உட்கருவுக்கு எதிரான மொத்த ஆன்டிபாடி. முதலாவது இருந்தால் தொற்று இருக்கிறது. இரண்டாவது மட்டும் இருந்தால் தடுப்பூசி பலித்திருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தால் வந்து போயிருக்கிறது. எதுவும் இல்லையென்றால் தடுப்பூசி போட வேண்டியவர்.

சிபிலிஸ்: பாலுறவில் பரவும் பாக்டீரியாத் தொற்று, மனநலத்தின் பழைய எதிரி. 19-ஆம் நூற்றாண்டின் மனநல விடுதிகளில் 'பொதுப் பக்கவாதம்' என்ற பெயரில் ஏராளமானவர்கள் அடைந்து கிடந்தார்கள். 1913-ல் நொகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் அந்த நோயாளிகளின் மூளையிலேயே சிபிலிஸ் கிருமியைக் காட்டினார்கள். 1917-ல் ஆஸ்திரிய மனநல மருத்துவர் வாக்னர்-யவுரெக் மலேரியாவைச் செலுத்திக் காய்ச்சல் வரவைத்து அதற்குச் சிகிச்சை செய்து 1927-ல் நோபல் பரிசே வாங்கினார். பெனிசிலின் வந்த பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள், கிருமி மறக்கவில்லை. மேனியா, மனச்சோர்வு, சைக்கோசிஸ், மறதி என்று எந்த வேஷத்திலும் வரும். நரம்பு மண்டலச் சிபிலிஸ் முற்றிய நிலையில் ஆர்.பி.ஆர். என்ற வழக்கமான ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் ஆகவே இருக்கலாம், அதனால் சந்தேகம் இருந்தால் ட்ரெபோனிமல் வகைப் பரிசோதனையையும் (சிபிலிஸ் கிருமிக்கே எதிரான ஆன்டிபாடியைத் தேடுவது) கேளுங்கள். அது ஒரு தடவை பாசிட்டிவ் ஆனால் குணமான பிறகும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழையதா புதியதா என்று ஆர்.பி.ஆர். டைட்டரை (ஆன்டிபாடியின் அளவை) வைத்துத்தான் சொல்ல முடியும். நரம்பு, கண், காது அறிகுறி இருந்தால் தொடைக்கோ இடுப்புக்கோ போடும் பென்ஸதீன் ஊசி போதாது. தேவைப்பட்டால் முதுகுத் தண்டு நீர் பார்த்து, ரத்த நாளம் வழியாகப் பெனிசிலின் 10 முதல் 14 நாள் தர வேண்டும்.

கர்ப்பமாக இருக்கக்கூடியவர் என்றால் கர்ப்பப் பரிசோதனையும். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி மூன்றிலும் குழந்தைக்குப் பரவுவதைத் தடுக்க வழி இருக்கிறது, தாமதம் மட்டும் ஆகக்கூடாது. கிளமீடியா, கொனோரியாவுக்குச் சிறுநீரோ அவரே எடுத்துக்கொள்ளும் ஸ்வாபோ போதும், யாரும் தொட வேண்டாம் என்பது வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

படி 5: ஒரே குத்து

வேறு பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதே சேர்த்து எடுங்கள். முதல் நாள் எடுத்த மாதிரி லேபில் இன்னும் பயன்படும் நிலையில் இருந்தால், அவர் இப்போது ஒப்புக்கொண்ட பிறகு அதிலேயே செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் இரண்டாவது குத்தே வேண்டாம். ஸ்க்ரீனிங்குக்காக யாரையும் பிடித்து அழுத்தி ரத்தம் எடுக்காதீர்கள், ஒரு போதும். ஊசி, கண்ணாடி ட்யூப் எல்லாம் எடுத்துப்போன எண்ணிக்கையும் திரும்பி வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

படி 6: ரிசல்ட்டைச் சொல்வது

ஸ்க்ரீனிங்கில் 'ரியாக்டிவ்' என்பது நோய் உறுதி என்று ஆகாது. உறுதிப்படுத்தும் சோதனை முடியாமல் "உங்களுக்கு எச்.ஐ.வி." என்று சொல்லாதீர்கள். அதேநேரம் நாலு நாள் மறைத்தும் வைக்காதீர்கள். "முதல் சோதனையில் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, இன்னொன்று பார்க்கிறோம்" என்பது உண்மையும்கூட, தாங்கிக்கொள்ளவும் முடியும்.

தற்கொலை எண்ணத்தோடு வந்தவருக்குப் பாசிட்டிவ் ரிசல்ட்டைச் சொல்லலாமா என்று எப்போதும் கேட்பார்கள். சொல்லலாம், எப்போது என்பதில்தான் கவனம். வெள்ளிக்கிழமை மாலை டிஸ்சார்ஜ் கையெழுத்துக்கு நடுவில் சொல்லாதீர்கள். பகலில், தனி அறையில், அவருக்குப் பழகிய ஒருவரோடு, அடுத்த சில மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போது சொல்லுங்கள். சிகிச்சை எங்கே, எப்போது என்பது அந்தப் பேச்சிலேயே வர வேண்டும். சொன்ன பிறகு தற்கொலை ஆபத்தை மறுபடி மதிப்பிட்டு எழுதுங்கள். இரண்டாம் நாள் மறுபடி சொல்லுங்கள், முதல் தடவை கேட்டது பாதிகூட மனசில் நின்றிருக்காது. குடும்பத்துக்குத் தெரியப்படுத்துவது அவர் முடிவு, நாம் செய்யும் உபகாரம் அல்ல. பிரிவின் வெள்ளைப் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் வேண்டாம்.

படி 7: ஆள் போன பிறகு வரும் ரிசல்ட்

எல்லா முறையும் இங்கேதான் உடைகிறது. நான் வேலை பார்த்த ஒரு பிரிவில் பழைய ஃபைல்களைப் புரட்டியபோது ஹெபடைட்டிஸ் சி ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் என்ற தாள் ஒன்று இருந்தது. அந்த நோயாளி அதற்குப் பிறகு நாலு தடவை வந்து போயிருந்தார். ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. பரிசோதனைக்கு எழுதியவர் மாறிப்போயிருந்தார், வார்டு டாக்டர் அவசரப் பிரிவு சொல்லியிருக்கும் என்று நினைத்தார், அவசரப் பிரிவு வார்டு சொல்லியிருக்கும் என்று நினைத்தது.

ஆகவே பரிசோதனை தொடங்கும் முன்பே ரிசல்ட்டுக்கு ஒரு சொந்தக்காரரை நியமியுங்கள். 'டீம்' என்று எழுதினால் யாருமே இல்லை என்று அர்த்தம். ஒரு நர்ஸ், அவர் லீவில் இருந்தால் இன்னொருவர். ரத்தம் எடுக்கும்போதே "ரிசல்ட் வந்தால் உங்களை எப்படிப் பிடிப்பது?" என்று கேளுங்கள். போன் நம்பர் மாறிக்கொண்டே இருப்பவரிடம் இரண்டாவது வழி கேளுங்கள்: தங்கும் விடுதி, சமூகப் பணியாளர், மாதாந்திர ஊசிக்கு வரும் கிளினிக். போனில் யார் எடுத்தால் என்ன சொல்லலாம் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நீண்ட நாள் வேலை செய்யும் ஆன்டிசைக்காட்டிக் ஊசிக்கு வருபவர்களைப் பிடிப்பது சுலபம், அந்த நாளோடு மற்றதையும் கட்டிவிடலாம். மற்றவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதைவிட, கல்லீரல் பிரிவிலோ எச்.ஐ.வி. பிரிவிலோ இருந்து ஒருவர் வார்டுக்கே வந்து முகம் காட்டுவது எவ்வளவோ மேல். அடுத்த தடவை அவர் அவசரப் பிரிவுக்கு வந்தால் திரையில் எச்சரிக்கை தெரியும்படி செய்துவையுங்கள். பெரும்பாலும் மறுபடி வருவார்.

படி 8: மருந்தும் மருந்தும்

'மனநோயாளி ஒழுங்காக மாத்திரை போடமாட்டார், அதனால் ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை வேண்டாம்' என்ற பேச்சு இன்டர்ஃபெரான் காலத்து மிச்சம். அந்த மருந்து மனச்சோர்வைக் கொண்டுவரும், அதனால் அன்று தயங்கியதில் நியாயம் இருந்தது. 2013-க்குப் பிறகு வந்த நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை, 95 சதவீதத்துக்கு மேல் குணம்.

ஆனால் கார்பமாசெபின் எடுப்பவருக்கு அந்த மாத்திரைகள் ரத்தத்தில் நிற்காது, ஃபெனிட்டாயினும் அப்படியே. முதலில் அந்த மூட் ஸ்டெபிலைசரை (மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தை) மாற்ற வேண்டும், அதை மனநலப் பிரிவுதான் செய்ய முடியும். ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்து இருப்பவருக்கு சி-க்கு மருந்து கொடுத்தால் பி தலைதூக்கலாம், அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் தொடங்கினால் க்வெட்டியாபின், ஹாலோபெரிடால், க்ளோசபின் ஆகிய ஆன்டிசைக்காட்டிக்குகள், மெத்தடோன் எல்லாவற்றின் ரத்த அளவும் விழும். காசநோய் வார்டில் இருந்து "மனநோய் திரும்பிவிட்டது" என்று கூப்பிட்டால் முதலில் இதைப் பாருங்கள். மற்ற காசநோய் மருந்துகளில் ஐசோநயசிட் அரிதாகத் தானே சைக்கோசிஸ் வரவைக்கும், சைக்ளோசெரின் அடிக்கடியே. ரிட்டோனவிர், கோபிசிஸ்டாட் உள்ள எச்.ஐ.வி. மருந்துகள் க்வெட்டியாபினை ஏற்றிவிடும், பிமோசைட் என்ற ஆன்டிசைக்காட்டிக்கோடு சேரவே கூடாது. எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து கனவையும் மனநிலையையும் கலைக்கும்.

சாதாரணத் தொற்று மருந்துகளிலும் பள்ளம் இருக்கிறது. மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் மனநிலைக்கும் தரும் மருந்து) அளவு சரிந்து வலிப்பு வரலாம். சிப்ரோஃப்ளாக்சசின் க்ளோசபினை ஏற்றும். தொற்று, அழற்சி மட்டுமே இருந்தாலும் க்ளோசபின் ஏறும். காய்ச்சலில் அதிகமாகத் தூங்குகிறவரின் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். வயிற்றுப்போக்கில் உடல் வறண்டால் லித்தியம் விஷமாகும். லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்தும் சேர்ந்தால் செரோட்டோனின் சிண்ட்ரோம் (மூளையில் செரோட்டோனின் மிகையாகி வரும் ஆபத்து). சிபிலிஸுக்குப் பெனிசிலின் போட்ட முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வருவது கிருமி சாவதால் வரும் எதிர்வினை, அதை அலர்ஜி என்றோ நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் என்றோ முடிவு கட்டும் முன் நேரத்தைக் கணக்குப் பாருங்கள்.

படி 9: அன்றைக்கே கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிடுங்கள்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் டோஸை ரத்தம் எடுத்த கையோடு போடலாம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ரத்தம் முதலில், ஊசி அப்புறம், இந்த வரிசை முக்கியம். தடுப்பூசி போட்ட முதல் இரண்டு மூன்று வாரத்தில் மேற்பரப்பு ஆன்டிஜென் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். ஆரம்ப நிலைச் சிபிலிஸ் உறுதியானால் பென்ஸதீன் ஊசியை டிஸ்சார்ஜுக்கு முன்பே போடுங்கள். எச்.ஐ.வி. உறுதியாகி, அவரும் தயார் என்றால் ஏழு நாளுக்குள், முடிந்தால் அன்றே மருந்து தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2017-லிருந்து சொல்வது. மூளையுறைக் காய்ச்சல் அறிகுறி இருந்தால் மட்டும் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஆணுறை, சுத்தமான ஊசி எங்கே கிடைக்கும் என்ற தகவல் ஆகியவற்றைப் பிரசங்கம் இல்லாமல் கையில் கொடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஒரேயடியாக எல்லாவற்றையும் கொண்டுவராதீர்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி இரண்டோடு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: கேட்டோமா, ஒப்புக்கொண்டாரா, எடுத்தோமா, ரிசல்ட் அவருக்குத் தெரியுமா, சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தாரா. நிர்வாகம் மூன்றாவது கட்டத்தின் எண்ணிக்கையைக் கேட்கும், அது எப்போதும் அழகாக இருக்கும். நீங்கள் கடைசி இரண்டையும் பாருங்கள். அந்த இரண்டும் காலியாக இருக்கும் பெயர்களை வாராவாரம் எந்த நாளில், யார் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடப் போகிறார் என்று முடிவாகும்வரை முதல் ட்யூபை எடுக்காதீர்கள்.